காதுக்கும் காற்று வேண்டும்

ஆகாசவாணி என்ற பெயரை வானொலிக்குச் சூட்டிய ஊர் மைசூர். 1935-இல் உளவியல் பேராசிரியர் கோபாலசாமி தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நிலையம் அது. அதே மைசூரில் அறை எடுத்துப் படிக்கும் நம்மவர்க்கு இன்று வானொலி வேண்டாம். காதை முழுவதும் கவ்வும் ஹெட்போன் போதும். காப்பி குடிக்கையிலும் அது தலையைவிட்டு இறங்குவதில்லை. பாட்டுக் கேட்பதைக் குறைகூற நான் வரவில்லை. அந்தக் கூட்டுக்குள் சேரும் ஈரத்தைப் பற்றியே பேச வந்தேன்.

“காதுக்கு ஏதையா வியர்வை?” என்று நண்பர் ஒருவர் நகைத்தார். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தவர் அப்படி நகைக்கமாட்டார். நம் தோல் ஓயாமல் ஆவி விடுகிறது. பின்புறம் மூடிய ஹெட்போனில் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே உடற்சூடு, வெளியே மார்கழிக் குளிர், அல்லது நூலகத்தின் குளிர்சாதனம். கூடு உலோகமாயின், உட்புறத்தில் நீர் முத்து முத்தாய்க் கட்டும். விலை உயர்ந்தால் இது விலகுமோ? விலகாது. 2020 டிசம்பரில் வெளிவந்த ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் அலுமினியக் கூடு கொண்டது. சில வாரங்களுக்குள் வாங்கியோர் மெத்தையைக் கழற்றி, உள்ளே நின்ற நீர்த்துளிகளைப் படம் பிடித்துக் காட்டினர்!

மெத்தையின் செயற்கைத் தோல் கறுப்புச் செதிலாய் உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். பாலியூரித்தேன் ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதைவது. அது காசோடு போகும். காது? அதன் குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள முட்டுச் சந்து. அங்குள்ள குறும்பியும் தோலின் புளிப்புத் தன்மையுமே அதற்குக் காவல். ஈரம் நெடுநேரம் நின்றால் தோல் ஊறும், காவல் தளரும், பூஞ்சை குடியேறும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கறுப்புப் பூஞ்சைக்கு வெப்பமும் ஈரமும் கூடிய இடம் விருந்து மாளிகை. அரிக்கிறதே என்று பட்ஸ் குச்சியைச் செருகினால் தோல் கீறிக் கேடு இரட்டிக்கும். 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இந்நகரின் மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. காதில் கசிவு கண்டவர் கடைச் சொட்டு மருந்தை விட்டு அங்கே செல்க.

பின்புறம் திறந்த வகையை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், அறைத்தோழன் உறங்கவேண்டாமா? நாம் கேட்கும் பாட்டையெல்லாம் அவனும் கேட்கவேண்டி வரும். ஆகவே மூடியதைத் துறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணிக்கொரு முறை கழற்றுங்கள். துடைத்து, காற்றாட வைத்து, உலர்ந்தபின் பையில் இடுங்கள். குளித்த ஈரத்தலையோடு அணியாதீர்கள்.

என் சினமெல்லாம் பொது ஹெட்போன்கள்மீதுதான். மொழிப்பயிற்சிக் கூடத்தில் ஒரு வகுப்பினர் கழற்றிய சூடு ஆறுமுன் அடுத்த வகுப்பினர் அணிகின்றனர். எவர் காதில் எது இருந்தது என்று யார் கேட்டார்? நம் சங்கம் ஆண்டு விழாத் தோரணத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, துவைத்து அணியத்தக்க துணி உறைகளை மாணவர்க்கு ஆளுக்கொரு இணை வழங்க வேண்டும் என்பது என் கட்சி. செயற்குழுவில் இதை மறுப்போர் மறுக்கட்டும். மாலைக் கடைசி வகுப்பு முடிந்ததும் அவற்றுள் ஒன்றைத் தம் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுக்கட்டும்.