தாமதத்துக்கும் காரணம் கேட்க வேண்டும்

காலக்கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு வென்ற வியாபாரி, எதிராளி எப்போது மேன்முறையீடு செய்வாரோ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியுமா? கடையை விற்கவும் முடியாது, வங்கிக்கு ஈடு வைக்கவும் முடியாது.

எமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதில் கண்டிப்பானது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் இதில் சேரா. மனுவை 60 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவில், போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனாலும் 427 நாட்கள் பிந்தி வந்த அஞ்சல் திணைக்களத்தை 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பியது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது ஒரு காரணமாகாது. சரியான முடிவு.

குருநகர்க் கடற்றொழிலாளிக்கு இது நன்றாக விளங்கும். காற்றுக்கடலால் தொழிலுக்குப் போகாதவரும் தூங்கிப்போனவரும் ஒன்றல்ல.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகதெருவில் வீட்டையும் கடையையும் விட்டுப் புத்தளத்தில் தங்கியவர் இங்கு வந்து எப்படி வழக்குப் போடுவார்? ஆனால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் 10 ஆண்டுகள் இடையூறின்றி எதிருரிமையுடன் ஆண்டால் காணி அவருக்கே போய்விடலாம். கடல் கடந்திருந்தவருக்கு அதே சட்டத்தில் சலுகை உண்டு. புத்தளத்து அகதிக்கு இல்லை!

இந்தக் குறையைத் தீர்க்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் வழக்கிட முடியாதுபோனவர்களுக்கு அது கதவைத் திறந்தது. ஆனால் அது தந்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். உறுதி தொலைந்தவரும் வாரிசுகள் சிதறியவரும் அதற்குள் என்ன செய்வார்கள்?

என் கருத்து இதுதான். நீதிமன்றம் நாட்களை மட்டும் எண்ணாமல், காரணம் உண்மையா, தடை நீங்கியதும் தாமதியாமல் வந்தாரா என்று கேட்க வேண்டும். இடையில் நல்லெண்ணத்துடன் பணம் போட்ட எதிர்த்தரப்புக்கு நட்டஈடும் கொடுக்க வேண்டும். கொவிட் முடக்கத்தால் தவறிய காலக்கெடுக்களுக்காக 2021இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நோய்க்குக் காட்டிய பரிவை வெளியேற்றப்பட்டவருக்கும் நிரந்தரமாகச் சட்டத்தில் எழுதினால் என்ன?

அதுவரை வியாபாரிகள் ஒன்றை மறக்க வேண்டாம். தீர்ப்பு வந்த அன்றே 14ஐயும் 60ஐயும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.