ஹலால் முத்திரை மட்டும் போதுமா?

பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தென்றால் கம்மி மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும் இல்லாமல் இருப்பதில்லை. பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருந்தால் முஸ்லிம் பெற்றோர் நிம்மதியாக வாங்குகிறார்கள். அதைப் பார்த்து, மாட்டிறைச்சி உண்ணாத இந்துப் பெற்றோரும் "கவலையில்லை" என்று வாங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து ஜெலட்டின் கிடைக்கிறது. பன்றித் தோலைப் பெரும்பாலும் அமிலத்திலும், மாட்டுத் தோலையும் எலும்பையும் சுண்ணாம்பு போன்ற காரத்திலும் ஊறவைத்து, வெந்நீரில் பிரித்தெடுப்பார்கள். அது கட்டியாக உறைந்தாலும் நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். மிட்டாய் வாயில் கரைவது அதனால்தான்.

பன்றி ஜெலட்டினுக்கு ஜாக்கிம் முத்திரை கிடைக்காது. முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டின் ஜெலட்டினுக்குக் கிடைக்கும். ஆக, அந்த முத்திரை முஸ்லிமின் கேள்விக்குச் சரியான பதில். மாட்டைத் தவிர்க்கும் இந்துவுக்கும், சைவ உணவுக்காரருக்கும், மீன் ஒவ்வாமை உள்ளவருக்கும் அது பதிலாகாது. குறை முத்திரையில் இல்லை. அதில் இல்லாததை நாம் தேடுகிறோம்.

"இவ்வளவு பக்குவப்படுத்திய பிறகு அது வேறு பொருள்தானே?" என்று கேட்போர் உண்டு. 1995இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள் சிலர் அப்படியே கருதினார்கள். மலேசியாவில் அக்கருத்து ஏற்கப்படவில்லை. எது தூய்மை என்று அறிவியல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும்: ஜெலட்டின் துண்டுகளில் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட வரிசை விலங்குக்கு விலங்கு சற்று மாறும். அதை வைத்து, அது பன்றியா மாடா என்று ஆய்வகக் கருவிகள் கண்டுபிடித்துவிடும். நம் கண்ணுக்கும் நாக்குக்கும்தான் அது தெரியாது.

அதனால்தான் லேபிள் முக்கியம். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், மாடு அல்லது பன்றியிலிருந்து பெற்ற பொருள் உணவில் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. ஆனால் பொட்டலத்தைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போதும், கேக்கின் மேல் அலங்காரமாக வைக்கும்போதும் அந்த லேபிள் நம்மிடம் வந்து சேர்வதில்லை. "ஜெலட்டின்" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே விலங்கின் பெயரையும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன? சில்லறைக் கடைக்காரர் அந்தத் தகவலை ஓர் அட்டையில் எழுதி வைத்தால் என்ன? இதற்குப் பெரிய செலவில்லை.

மாற்று வழிகளும் உண்டு. பழத்தோலிலிருந்து பெக்டின், கடற்பாசியிலிருந்து அகார் அகார், காராகீனன் எல்லாம் கிடைக்கின்றன. சபாவின் செம்பூர்ணா கடலில் காராகீனனுக்கான பாசியை வளர்க்கிறார்கள். ஜெலட்டினின் அதே மென்மை இவற்றில் அப்படியே வராது என்பது உண்மைதான். ஆனால் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். பல இனத்தவர் கூடி வாழும் நாட்டில் அது சின்ன விஷயமா?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது முத்திரையோடு நின்றுவிடாமல், பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த விலங்கு என்று எழுதாவிட்டால் கேளுங்கள்.