பழைய நீலகிரியின் சர்வீஸ் புக்

ஆபீசில் பல வருடம் சர்வீஸ் புக் எழுதியவன் நான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் சர்வீஸ் இளையவர் ஏட்டில் ஏறிவிடும். பிறகு அந்த மனிதர் பென்ஷனுக்கு அலைவார். 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் புதிய ஐ.என்.எஸ். நீலகிரி கடற்படையில் சேர்ந்ததை மூலக்குளத்து வீட்டில் டி.வி.யில் பார்த்தபோது எனக்கு அந்தப் பயம்தான் வந்தது.

பழைய நீலகிரியும் ஃப்ரிகேட்தான். (பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு அது 'ஃப்ரெகாத்'.) பிரிட்டனின் லியாண்டர் வகை. மும்பை மசகான் தளத்தில் கட்டி, 1968இல் நீரில் இறக்கி, 1972 ஜூன் 3 அன்று சேவையில் சேர்த்தார்கள். நம் நாட்டில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல். பின்னால் வந்த ஹிம்கிரி, உதயகிரி முதலான ஐந்து தங்கைகளுக்கும் அக்கா. 1996இல் ஓய்வு. மறுவருடம் ஏப்ரலில் ஏவுகணைச் சோதனைக்கு இலக்காக நிறுத்தி மூழ்கடித்தார்கள்.

அதைக் குறை சொல்ல மாட்டேன். அருங்காட்சியகமாக வைத்த விக்ராந்தையே பராமரிக்க முடியாமல் 2014இல் உடைக்கக் கொடுத்தோமே! இரும்பைக் காப்பது பெருஞ்செலவு. எழுத்தைக் காக்க என்ன செலவு? அந்த மலையின் பெயரைத்தானே வைத்தார்கள். உதகையில் ஒரு பலகை வைத்து, 24 வருட சர்வீஸைத் தமிழில் எழுதலாம். அதில் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது என் வயது இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.