சூரியனா, சந்திரனா?

போன செவ்வாய் மார்கழி முதல் தேதி. விடிவதற்கு முன் பார்த்தசாரதி கோயில் மாட வீதியில் கோலம் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வந்தேன். மதியத்துக்கு மேல் அதே தெருக்களில் எல்லார் கையிலும் ஃபோன். அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம். நம்ம சேப்பாக்கம் அணி இரண்டு பிள்ளைகளை எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் இடக்கைச் சுழல்பந்துக்காரர் பிரசாந்த் வீருக்கு வயது 20. ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கு 19. ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்களுக்கு ஐ.பி.எல்.லில் இதுவரை இவ்வளவு பணம் போனதில்லை. 2022இல் ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடிதான் முந்தைய உச்சம்.

இந்த வாரம் இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு பிள்ளையின் மதிப்பை ஏலத்தில் எப்படிக் கணக்கிடுவது? முக்கியமாக விக்கெட் கீப்பரை? தோனியின் இடத்துக்கு ஆள் தேடும் அணிக்கு இது உயிர்க் கேள்வி. சஞ்சு சாம்சனை வாங்க ஜடேஜாவையே கொடுத்திருக்கிறார்கள். 2025 பருவத்தில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போன அணி, பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் ஆச்சரியமில்லை.

கீப்பரைப் போல ஒருவர் அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் உண்டு. குவார்ட்டர்பேக் என்பார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குத்தான் முதலில் வரும். எதிரிகள் பாய்ந்து வருகிற இரண்டு மூன்று வினாடிக்குள் அதை யாரிடம் எறிவது என்று அவர் முடிவு செய்யவேண்டும். அவர் சரியில்லை என்றால் அணியே சரியில்லை. அங்கே ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும். போன வருஷம் கடைசியில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. எடுப்பதற்கு முன் ஓடவிட்டு, எறியவிட்டு, உயரம் அளந்து, கை அளந்து பார்க்கிறார்கள். அத்தனையும் பார்த்து 2007இல் முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரஸல் மூன்றே பருவம் ஆடினார். 2000ஆம் ஆண்டு டாம் பிரேடி என்பவரை 199ஆவது ஆளாக எடுத்தார்கள். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். பிரேடி ஏழு முறை சாம்பியன் ஆனார்.

அளக்க முடிந்ததை எல்லாம் அளந்தார்கள். அளக்க முடியாதது அந்த இரண்டு மூன்று வினாடி. கீப்பருக்கும் அதேதான். ஸ்டம்பிங் வேகத்தைக் கணக்கிடலாம். பந்து வீசுகிறவன் மனம் தளர்ந்திருப்பதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, ஒரு கையசைப்பில் ஃபீல்டரை நாலடி நகர்த்துகிறானே, அதற்கு எந்தக் கருவி இருக்கிறது?

நம் ஊர்க் கதையையே பாருங்கள். மதுரை பாந்தர்ஸுக்கு ஆடிய வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம். அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதோடு விட்டுவிட்டார்கள். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா பாதிக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்து வைத்துக்கொண்டது. 2024 மே 26 அன்று இறுதி ஆட்டம் நம் சேப்பாக்கத்தில். கொல்கத்தா கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் வருணுக்கு 21 விக்கெட். 8 கோடிக்கு வாங்கியவர்களும் 4 கோடிக்கு வாங்கியவர்களும் வாங்கியது ஒரே ஆளைத்தான். ஓர் இடத்தில் ஒரு வாய்ப்பு. இன்னோர் இடத்தில் வருஷங்கள்.

தோனியை 2008இல் 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்தபோது அன்றைக்கு அதுதான் உச்ச விலை. ஐந்து கோப்பைகளைப் பார்த்துவிட்டு, சரியான விலை என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன். 2020இல் அணி முதல்முறையாகப் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. ஊரே ஏசியது. அணி கேப்டனை மாற்றவில்லை. 2021இல் கோப்பை வந்தது. எடுப்பது பாதி. தோற்கும்போதும் வைத்திருப்பது மீதிப் பாதி.

இங்கேயே முடித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் தெருவில் நடந்தது முடிக்க விடவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஸ்டம்ப் இடத்தில் பிளாஸ்டிக் கூடை. மாடியில் பந்து போனால் அவுட். இந்த ஞாயிறு அவர்கள் ஆட ஆரம்பிக்கவில்லை, ஏலம் நடத்தினார்கள். இரண்டு கேப்டன்கள். ஆளுக்கு நூறு கோடி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது. பெரிய பையன் ஒருவன் வீட்டிலிருந்து பூரிக்கட்டை கொண்டுவந்து வாசற்படியில் தட்டித் தட்டி விலை கூவினான். நன்றாக அடிக்கிறவன் நாற்பது கோடிக்குப் போனான். அடுத்தவன் முப்பது. இப்படியே போய்க் கடைசியில் ஒரு எட்டு வயதுப் பையன் நின்றான். யாரும் வாய் திறக்கவில்லை. பூரிக்கட்டை ஒரு தட்டு. “அன்சோல்ட்!”

எல்லாரும் ஆடப் போய்விட்டார்கள். அவன் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, “தாத்தா, அன்சோல்டுன்னா வீட்டுக்குப் போயிடணுமா?” என்றான்.

அபுதாபியில் பட்டியலில் இருந்தவர்கள் 350 பேருக்கும் மேல். விலை போனவர்கள் 77 பேர். அவர்கள் தொழிலாக ஆடுகிறவர்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் நாம் வருஷா வருஷம் டி.வி.யில் சத்தமாகக் காட்டுவது தெருவுக்கு வந்து சேர்கிறது. ஒரு குழந்தை தன் தெருவிலேயே, தன் கூட்டாளிகள் வாயாலேயே, “உனக்கு விலை இல்லை” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

எழுந்து உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தேன். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது எந்தப் புத்தகம் என்று தெரிந்திருக்கும். தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’. 1954இல் வந்தது. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்த என் பிரதிக்கு அட்டை போய்விட்டது. இதைப் பற்றி நான் எழுதுவது மூன்றாவது முறை. முப்பதாவது முறையும் எழுதுவேன். சொற்களின் வேரைத் தோண்டிக்கொண்டே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரும்புலவர், தெருப் பிள்ளைகள் ஆடுவதை ஆட்டம் ஆட்டமாக எழுதிவைத்தார். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவது என்று வகுத்தார். பகலில் ஆடுவது வேறு, நிலா வெளிச்சத்தில் ஆடுவது வேறு என்று பிரித்தார். எத்தனை பேர் வேண்டும், கருவி என்ன, எந்த இடத்தில் ஆடுவது என்று இலக்கணம் எழுதுகிற அதே கவனத்தோடு எழுதினார். கோலியையும் கிட்டிப்புள்ளையும் அந்த மரியாதையோடு எழுதிய இன்னொரு புத்தகம் நான் பார்த்ததில்லை. குழந்தை விளையாடுவது சின்ன விஷயம் அல்ல என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அவர் பதிவு செய்தவற்றில் ஒன்று உத்தி கட்டுவது. நாங்கள் உத்தி பிரிப்பது என்போம். மெரினா மணலில் சடுகுடு ஆடிய காலத்தில் உத்தி பிரிக்காமல் கோடு கிழித்ததே இல்லை. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு தலைவர்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேரவேண்டும். ஏறக்குறைய ஒரே பலம் உள்ள இருவர்தான் சேரலாம். ஜோடி தனியாக ஒதுங்கிப் போய், தோளில் கை போட்டுக்கொண்டு, காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன். ஒருவன் மாங்காய், ஒருவன் தேங்காய். திரும்பி வந்து தலைவர்கள் முன்னால் நின்று, “சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?” என்று கேட்கும். முறை யாருடையதோ அந்தத் தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம். மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடி, அடுத்த தலைவன். அவ்வளவுதான்.

இதில் இருக்கிற அறிவை யோசித்துப் பாருங்கள். யார் எவ்வளவு ஆடுவான் என்று மதிப்பிடுவது தலைவன் அல்ல, ஆடுகிறவர்களே. தினமும் கூட ஆடி, கூட விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் தெரியும், யார் யாருக்குச் சமம் என்று. பணம் வைத்திருப்பவனின் கண்ணைவிட அது கூர்மையான கண். ஜோடியில் ஏமாற்று இருந்தால், “சமமில்லை, மாத்து!” என்று கூட்டமே கத்தும். தலைவன் தேர்ந்தெடுப்பது ஒரு பெயரை மட்டும். ஆளைப் பார்த்து அல்ல. அதனால் முதலில் எடுக்கப்பட்டவன் என்று ஒருவனும் இல்லை, கடைசியில் மிஞ்சியவன் என்று ஒருவனும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக அமையும். ஆட்டம் கடைசி நிமிஷம் வரை இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காக்காரர்கள் கடைசி அணிக்கு முதல் வாய்ப்புக் கொடுப்பதும் இதற்காகத்தான். ஆனால் அந்தச் சமத்தைக் கொண்டுவர அவர்கள் பிள்ளைகளை முதலாவது, 199ஆவது என்று ஊரறிய வரிசையில் நிறுத்துகிறார்கள். நம் உத்தியில் வரிசையே கிடையாது.

ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால்? மிகச் சின்னவன் உப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஆடுவான். அவன் அவுட்டானாலும் கணக்கில்லை. ஆனால் களத்தில் இருப்பான். அடுத்த வருஷம் அவனுக்கும் ஒரு ஜோடி கிடைக்கும். நம் முன்னோர் விளையாட்டில் ‘வீட்டுக்குப் போ’ என்று ஒரு விதி இல்லை.

சடுகுடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. கபடி ஏலத்தில் அதுவரை யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அவர் அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். அணி முடிந்தது என்றார்கள். புதிதாக வந்த நரேந்தர் என்ற இளைஞன் ரெய்டு மேல் ரெய்டு போனான். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. பவன் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷம் அணியைத் தூக்கிச் சென்றது, யாரும் விலை பேசிச் சண்டை போடாத ஒருவனின் கால்கள்.

தொழில்முறை அணிகள் உத்தி பிரிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பணம் புழங்கும் இடத்தில் ஏலம் இருக்கும். கேட்பது ஒன்றுதான். அந்தப் பத்தொன்பது வயதுக் கீப்பர் சேப்பாக்கத்தில் முதல் கேட்சை விடுகிற நாள் வரலாம். அன்றைக்கு கேலரியிலிருந்து யாராவது “பதினாலு கோடி!” என்று கத்துவார்கள். மைதானத்துச் சத்தம் எங்கள் மொட்டை மாடி வரை கேட்கும், அதனால் சொல்கிறேன். தயவுசெய்து கத்தாதீர்கள். அந்தத் தொகை அவன் கேட்டு வாங்கியது அல்ல. அணிகள் விடாமல் கை தூக்கியதால் ஏறியது. அவன் பெயர் கார்த்திக். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நாலு வருஷம் பொறுங்கள். பிறகு விலை சரியா என்று பேசுவோம்.

தெருவுக்கு வருகிறேன். முதல் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகளை உட்காரவைத்து உத்தியைச் சொன்னேன். நாற்பது கோடிக்காரன், “அப்ப எனக்குச் சமம் யாரு தாத்தா?” என்று கேட்டான். முப்பது கோடிக்காரன் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றான். எட்டு வயதுக்காரன் பக்கத்தில், எதிர்வீட்டு ஒன்பது வயதுப் பையன் தானாகவே போய் நின்றான். இரண்டு பேரும் மின்கம்பத்துக்குப் பின்னால் போனார்கள். வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். திரும்பி வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள்.

“மெட்ரோ வேணுமா, பறக்கும் ரயில் வேணுமா?”

“பறக்கும் ரயில்” என்றான் கேப்டன்.

பறக்கும் ரயில் அவன்தான். ஓடிப் போய்க் கேப்டன் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்த ஆட்டத்தில் அவன் ரன் எடுக்கவில்லை. ஒரு கேட்சும் விட்டான். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஆடினான்.