‘ஆர்ட்’ என்பது ஓவியமன்று



திகன, தெல்தெனிய, குண்டசாலைப் பகுதிகளில் நம் குடும்பங்களின் மாலைச் செபம் இன்று இரு மொழிகளில் ஒலிக்கக் கேட்கிறோம். பாட்டி ‘பிதாவே’ என்று தொடங்குவார். தாய் ‘தந்தையே’ என்பார். ஆங்கில மொழிமூலம் பயிலும் பிள்ளை அதே செபத்தை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கும். அதில் வரும் ‘ஆர்ட்’ என்னும் சொல்லைச் சித்திரப் பாடம் என்று எண்ணி, “கடவுள் விண்ணகத்தில் படம் வரைகிறாரா?” என்று பிள்ளை கேட்டால் நாம் சிரித்துவிட்டு அடுத்த மணிக்குச் சென்றுவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள்.

‘ஆர்ட்’ என்பது வழக்கொழிந்த ஒரு வினைவடிவம். ‘நீ இருக்கிறாய்’ என்பதே அதன் பொருள். ‘தௌ’ என்னும் முன்னிலை ஒருமைக்கு மட்டும் உரியது அது. அன்று பெரியோரையும் பலரையும் ‘யூ’ என்றார்கள். நெருங்கியவரை ‘தௌ’ என்றார்கள். இறைவனையும் அவ்வாறே அழைத்தார்கள். ‘தௌ’ மரியாதைக்குரிய பெருஞ்சொல் என்று இன்று பலர் நினைப்பது, சொல் பழையதாகிவிட்டதால் வந்த மயக்கமே. நம் முன்னோரோ ‘நீ’ என்னாமல் ‘நீர்’ என்றனர். நெருக்கமும் வணக்கமும் ஒருங்கே நிற்கும் சொல் அது.

மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் (6:9) இவ்விடத்தில் வினையே இல்லை. இலத்தீன் செபம் ‘எஸ்’ என்று முன்னிலை வினையைச் சேர்த்தது. ஆங்கிலம் அதைப் பின்பற்றியது. தமிழின் ‘இருக்கிற’ என்னும் பெயரெச்சமோ தன்மை, முன்னிலை, படர்க்கை எதையும் காட்டாது. ‘தந்தையே’ என்னும் விளியும் ‘உமது’ என்பதுமே நாம் அவரோடு பேசுவதைக் காட்டுகின்றன. வாய் விரைந்து ஓடும்போது முதலில் நாம் இழப்பது அவற்றைத்தான். எங்கோ இருக்கும் ஒருவரைப் பற்றிய செய்திபோல் செபம் ஆகிவிடுகிறது.

2011இல் வெளிவந்த ஆங்கிலத் திருப்பலி நூல் பிற இடங்களில் இறைவனை ‘யூ’ என்றே விளிக்கிறது. ஆயினும் இச்செபம் பழைய வடிவிலேயே நிற்கிறது. ஆகவே பிள்ளைகள் இச்சொல்லை ஞாயிறுதோறும் சந்திப்பார்கள்.

அருள்நிறைந்த மரியே செபத்தின் ஆங்கில வடிவையும் கவனியுங்கள். ஆண்டவரைக் குறிக்குமிடத்தில் ‘இஸ்’ வருகிறது. அடுத்து அன்னையிடம் நேரே பேசும்போது ‘ஆர்ட்’ வருகிறது. இன்றிரவு செபமாலையின் முதல் பத்து மணிகளில், அவ்விரு சொற்களிலும் பிள்ளையைச் சற்றே நிறுத்திச் சொல்லச் செய்யுங்கள்.