சத்தம் பெரிதா? எழுத்துத் தெளிவா?





"நல்ல சத்தமுள்ள ஒரு பெட்டி வாங்க வேண்டும்." கல்முனைக் கடைத்தெருவில் ஓதல் கேட்பதற்கு ஒரு கருவி வாங்கப் போகிறவர் சொல்லும் முதல் வார்த்தை இது. கடைக்காரத் தம்பி உடனே பெட்டியை எடுத்து, சத்தத்தை முழுவதும் கூட்டி வைப்பார். மேசை அதிரும். தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். "பார்த்தீங்களா, என்ன சத்தம்!" என்பார். நாமும் சல்லியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

"நல்ல சத்தம்" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பெரிய சத்தத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். தெளிவான சத்தத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து வந்த கசட் செட்டுக்கும், 1979இல் ஜப்பானின் சோனி கம்பனி வெளியிட்ட வோக்மனுக்கும், இன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் சின்ன எம்.பீ.3 கருவிக்கும், கைப்பேசிக்கும் இது பொதுவான விஷயம். எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் முன், எதற்காக வாங்குகிறோம் என்று ஒரு கணம் யோசிப்போமா?

எழுத்து எங்கே தொலைகிறது?

பிள்ளை கேட்டுக் கேட்டு ஓதப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் நம்மில் பலர் இந்தக் கருவியை வாங்குகிறோம். அப்படியானால், காரி ஓதும் ஒவ்வோர் எழுத்தும் பிள்ளையின் காதுக்குப் பிசகில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

நாக்கின் நுனியை மேல் முன்பற்களின் ஓரத்தில் வைத்து மெல்ல ஊதுவது 'ஸா'. பற்களுக்குள்ளே விசில்போல் வருவது 'ஸீன்'. கீழுதட்டில் பல் பட வருவது 'ஃபா'. இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுவது மெல்லிய காற்றொலிதான். மனிதக் காது சுமார் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். 'ஸீன்' எழுத்தின் கூர்மை பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. பழைய தொலைபேசியோ ஏறக்குறைய 3,400 ஹேர்ட்ஸோடு வெட்டிவிடும். அதனால்தான் தொலைபேசியில் 'ஸரீனா' என்று சொன்னால் மறுபக்கத்தில் 'ஃபரீனா' என்று கேட்கும்.

மட்டமான கருவியில் இதே கதைதான் நடக்கிறது. குரல் கேட்கும், ராகம் கேட்கும், எழுத்து மட்டும் மங்கிப்போகும். பிள்ளை தான் கேட்டதைத்தான் ஓதும். பிறகு மத்ரஸாவில் உஸ்தாத் திருத்தும்போது, "இப்படித்தானே கேட்டேன்" என்று விழிக்கும். குற்றம் பிள்ளையுடையதல்ல.

ஒலி ஒரு சங்கிலி

காரியின் வாயிலிருந்து பிள்ளையின் காது வரை ஒலி நான்கு கண்ணிகளைக் கடந்து வருகிறது: பதிவு, கோப்பு, கருவி, காதில் வைக்கும் இயர்போன் அல்லது ஸ்பீக்கர். எந்தக் கண்ணி பலவீனமோ, அதுவே முழுச் சங்கிலியின் பலம். மூன்றாவது கண்ணிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மற்றவற்றைக் கவனிக்காமல் விடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் வீண் செலவு.

முதற் கண்ணி, பதிவு. எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிய பதிவு 1961இல் வெளிவந்தது. ஆற அமர, எழுத்தெழுத்தாக ஓதும் முறைக்குப் பேர்பெற்றவர் அவர். கற்பிப்பதற்கென்றே அவர் ஓதிய பதிவும் உண்டு. அவர் 1980இல் காலமான பின்னும் உலகெங்கும் பிள்ளைகள் அவரிடம் பாடம் கேட்கிறார்கள். இத்தகைய அக்காலப் பதிவுகள் ஒற்றைத் தட ஒலிநாடாவில் செய்யப்பட்டவை. "அதி உயர் தரம்" என்று பெட்டியில் பொன்னெழுத்தில் அச்சிட்ட விலை கூடிய கருவியில் போட்டாலும், நாடாவில் இல்லாததை அந்தக் கருவி உண்டாக்கித் தராது. அந்த விலையை நாம் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது கண்ணி, கோப்பு. இங்கேதான் அதிகமாக ஏமாறுகிறோம். எம்.பீ.3 என்பது ஒலியைச் சுருக்கி வைக்கும் முறை. காதுக்கு அவ்வளவாகத் தெரியாத பகுதிகளைக் கழித்துவிட்டு மீதியைச் சேமிக்கும். ஜேர்மனியில் இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க், சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியம் ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய ஒரு பாடலை வைத்துத் தம் முறையைச் சோதித்தார். மற்றவை ஓரளவு சரியாக வந்தபோது, அந்தத் தனிக்குரல் மட்டும் மோசமாகக் கெட்டுப்போய் வந்தது. அதைச் சரிசெய்ய அவர் திரும்பத் திரும்ப உழைக்க வேண்டியிருந்தது. பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலித்தால் குறை மறைந்துவிடும். தனிக்குரலில் மறைய இடமில்லை. கிராஅத்தும் தனிக்குரல்தானே!

ஆகவே அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பை வாங்காதீர்கள். வினாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் செய்த கோப்பு குரலுக்குத் தாராளமாகப் போதும். ஒரு மணி நேர ஓதல் ஏறக்குறைய 58 மெகாபைட் இடம் பிடிக்கும். முப்பது மணி நேர ஓதலும் 2 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று சாதாரணமாக விற்கும் 32 கிகாபைட் மெமரி காட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. பிறகு ஏன் கஞ்சத்தனம்? ஸ்பீக்கருக்கு முன்னால் கைப்பேசியை வைத்துப் பதிந்து, கை மாறி வந்த துண்டுகளைப் பிள்ளைக்குப் பாடமாகக் கொடுக்காதீர்கள். கறந்த பால் மடியேறாது. ஒருமுறை வெட்டுண்ட ஒலியைப் பிறகு பெரிய கோப்பாக மாற்றினாலும் போனது திரும்பி வராது.

இதோடு இன்னொன்று. உங்கள் அலுமாரியில் மறைந்த பாட்டனாரின் ஓதலோ, வெளிநாட்டிலிருந்து உம்மா பேசி அனுப்பிய குரலோ பதிந்த கசட் இருந்தால், அதை நல்ல கசட் கருவியில் போட்டு, இயர்போன் துவாரத்திலிருந்து வயர் மூலம் கணினிக்கு எடுத்து, சுருக்காமல் ஒரு பிரதி வையுங்கள். நாடா நாளுக்கு நாள் நலிந்துகொண்டே இருக்கும். அந்தக் குரலுக்கு வேறு பிரதி இல்லை.

பெட்டியில் என்ன பார்ப்பது?

மூன்றாவது கண்ணியான கருவி, இன்று நன்றாகவே முன்னேறிவிட்டது. ஓரளவு நல்ல கைப்பேசியே குரலைத் தெளிவாகத் தரும். ஆனாலும் ஓதல் கேட்கவென்று கொடுத்த கைப்பேசி எங்கெங்கோ போய் நிற்பது தாய்மாருக்குத் தெரியும். அதனால் சிறு பிள்ளைக்குத் தனியான ஒரு சின்னக் கருவி நல்லது. அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இயர்போன் செருகும் துவாரம் இருக்க வேண்டும். மெமரி காட் போட வசதி வேண்டும். ஒரு வசனத்தை மட்டும் குறித்து அதையே திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி வேண்டும். பாடம் பண்ணும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ரேடியோவும் இருந்தால் மேலும் நல்லது. வெள்ள நாளில் மின்சாரம் இல்லாத வேளையில் செய்தி கேட்க உதவும்.

கருவியில் அடித்தொனியைக் கூட்டும் வசதி இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். தும் தும் என்ற அதிர்வு கூடக் கூட, மெல்லிய எழுத்துகள் அதற்குள் அமுங்கிப்போகும்.

கடைசிக் கண்ணிக்கே முதற் செலவு

பெட்டியோடு இலவசமாக வரும் இயர்போன்தான் பெரும்பாலும் முழுச் சங்கிலியிலும் பலவீனமான கண்ணி. கையில் இருக்கும் பணத்தில் கருவிக்குக் கொஞ்சம் குறைத்து, இயர்போனுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ரப்பர் முனை உள்ளதானால், காதுக்குப் பொருத்தமான அளவைத் தெரிவு செய்யுங்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் அடித்தொனி கசிந்து, குரல் தகரம்போல் கேட்கும். நம் கரையோர உப்புக் காற்றில் செருகும் முனை சீக்கிரம் கறுத்துக் கரகரக்கும். பாவித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கருவி பழுதென்று நினைத்து எறிவதற்கு முன் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

சங்கிலியின் முடிவில் காது

மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம். காதை வாங்க முடியாது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பேரொலியால் முதலில் கெடுவது உயர்ந்த தொனிகளைக் கேட்கும் திறன். அதாவது, எழுத்தைப் பிரித்துக் காட்டும் அதே தொனிகள்!

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ஓர் அளவு வகுத்தன. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம்; பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 டெசிபலில் வளர்ந்தவருக்கு 20 மணி, 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 4 மணி மட்டுமே! வீட்டில் டெசிபல் அளக்க முடியாதே என்றால், சத்தத்தை முழு அளவில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

மருதமுனையில் தறியருகே இருந்து கொண்டே ஓதல் கேட்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். தறியோசையை மீறிக் கேட்கச் சத்தத்தைக் கூட்டுகிறோம். இரண்டு சத்தமும் சேர்ந்து காதில் விழுகின்றன. வெளியோசையைத் தடுக்கும் ரப்பர் முனை இயர்போனைப் பாவித்தால் குறைந்த சத்தமே போதும். வீட்டில் உம்மம்மா சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துவிட்டு, "ஓதுவது கேட்குது, விளங்குதில்லை" என்று சொன்னால், அவருக்கு வேண்டியது பெரிய ஸ்பீக்கர் அல்ல. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அழைத்துச் சென்று காதைப் பரிசோதியுங்கள்.

கடையில் ஒரு சோதனை

வாங்கப் போகும்போது உங்களுக்கு நன்கு பழக்கமான ஓர் ஓதலை உங்கள் காட்டிலேயே கொண்டு போங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். கூடிய சத்தமுள்ளதே நல்லதுபோல் காது மயங்கும். பிறகு சத்தத்தை நன்றாகக் குறையுங்கள். ஓதல் நிற்கும் இடைவெளியில் இரைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஸா', 'ஸீன்', 'ஃபா' வரும் ஒரு வசனத்தைப் பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும்.

குறைந்த சத்தத்தில் எழுத்தைக் காட்டும் கருவியே நல்ல கருவி. இனிக் கடையில் கேட்கும்போது, "நல்ல சத்தமுள்ள பெட்டி" என்று கேளாமல், "சத்தத்தைக் குறைத்து வைத்துக் காட்டுங்க தம்பி" என்று கேட்டுப் பாருங்கள்.