சண்டிக் குதிரை

சில சொற்கள் அவசரக்கார நீதிபதிகளைப் போன்றவை; விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பைக் கூறிவிடுகின்றன. தமிழில் 'சண்டி' என்னும் சொல் அத்தகையது. வண்டியில் பூட்டிய குதிரை நகர மறுத்தால் 'சண்டிக் குதிரை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் வைத்த மாத்திரத்தில் காரணம் தேடும் வேலை முடிந்துபோகிறது. சவுக்கின் வேலை ஆரம்பமாகிறது.

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையை நேயர்கள் அறிவார்கள். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் அது. இத்தகைய பேட்டைகளில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் போய்விட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் குதிரை மறைந்துவிடவில்லை. கல்யாண ஊர்வலத்திலும், கோயில் உற்சவத்திலும், வண்டிப் பந்தயத்திலும் அதைக் காண்கிறோம். அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் இன்றும் குதிரைகள் விலையாகின்றன. அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ மூன்று வயதுக் குட்டியொன்றை ஒருவர் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் ஒழுங்காய் நடந்த அந்தப் பிராணி ஒரு நாள் காலையில் நாலடி வைத்து நின்றுவிடுகிறது. தட்டினால் பின்வாங்குகிறது, அடித்தால் முன்காலைத் தூக்குகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? இதுவே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

*

இந்தக் கேள்விக்கு விடை அறியாமையால் நம் நாடு கொடுத்த விலை கொஞ்சமன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய மன்னனும் அவன் சகோதரர் நால்வரும் ஆண்டுதோறும் தலைக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பினார்களாம். ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாய்க் குதிரைகள் வந்து இறங்கின. ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சாதாம். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்கிறார். அது மட்டுமன்று. குதிரை வைத்தியம் அறிந்த லாடக்காரர் எவரும் இந்நாட்டுக்கு வராதபடி வியாபாரிகளே தடுத்துவந்தார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் என்ன ஆவது?

வழிப்போக்கர் எழுதியதில் மிகைக்கு இடம் உண்டு. எண்ணிக்கையை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சரக்கை விற்பவன் அறிவை விற்கமாட்டான் என்னும் உண்மைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மாணிக்கவாசகர் அரிமர்த்தன பாண்டியனுக்காகப் பொற்குவியலோடு குதிரை வாங்கப் புறப்பட்ட வரலாற்றைத் திருவிளையாடல் வாயிலாக நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பொன் எங்கே போயிற்று என்பதற்கு மார்க்கோ போலோவின் குறிப்பு ஒரு விதத்தில் விரிவுரையாகிறது.

குதிரை சாஸ்திரமே பாரத நாட்டில் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை வைத்திய மரபு வடமொழியில் மிகப் பழமையானது. பாண்டவருள் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரம் ஒன்று உண்டு. குறை என்னவென்றால், ஏட்டில் இருந்த அறிவு லாயத்துக்கு வந்து சேரவில்லை என்பதே. பின்னர் சென்னையில் 1903-இல் சைதாப்பேட்டையில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. 1905-இல் வேப்பேரிக்கு மாறிற்று. 1936-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்தது. ஆகவே, 'இங்கே தெரிந்தவர்கள் இல்லை' என்று சொல்லும் சாக்கு நமக்கு இனிமேல் இல்லை.

*

இனி, நின்றுவிட்ட குட்டியிடம் வருவோம். காரணம் தேடுவதற்கு முறை ஒன்று உண்டு. கணக்கில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிப்பதுபோல, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதே அந்த முறை.

முதலில் வண்டியை நீக்க வேண்டும், பிறகு சேணத்தை, பிறகு கடிவாளத்தை. வெறுங்கயிற்றில் தாராளமாய் நடக்கும் குட்டி, கடிவாளம் போட்டவுடன் நின்றால் வாயைப் பார்க்க வேண்டும். கடிவாளத்தோடு நடந்து, சேணம் போட்டு வாரை இறுக்கியதும் நின்றால் முதுகையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். எதுவும் இல்லாதபோதே தயங்கினால் கால்களைப் பார்க்க வேண்டும்.

கால்களுக்குத் தென்பெண்ணைக் கரையே நல்ல பரீட்சை மண்டபம். குட்டியை முதலில் ஆற்று மணலிலும், அடுத்துக் கெட்டியான சாலையிலும் நடத்திப் பார்க்கலாம். கெட்டித் தரையில் நோவு அதிகமானால் பெரும்பாலும் குளம்பிலோ எலும்பிலோ குறை இருக்கும். ஆழ்ந்த மணலில் அதிகமானால் தசைநாரைச் சந்தேகிக்க வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் வட்டமாய் நடத்தினால், எந்தப் பக்கம் திரும்பும்போது தயங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

குதிரையைப் பரிசோதிப்பவர் காலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கிரேக்க நாட்டு ஸெனபன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அஸ்திவாரம் கெட்ட வீட்டுக்கு மேல்மாடி எதற்கு என்பது அவருடைய வாதம். குளம்பைத் தொட்டால் ஒன்று மற்றவற்றைவிடச் சூடாயிருக்கிறதா? கணுவுக்குக் கீழே நாடி பலமாய்த் துடிக்கிறதா? குளம்பின் அடியில் துர்நாற்றம் வீசுகிறதா? சமீபத்தில் லாடம் அடித்தார்களா? ஆணி உயிர்ச்சதையிலேயே இறங்கியிருந்தால் குதிரை அப்பொழுதே துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். சதையை ஒட்டி இறங்கிய ஆணியோ சில நாள் கழித்தே நோவு தரும்; ஆதலால் லாடத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் தோன்றாது. ஒவ்வோர் ஆணியையும் சுத்தியால் மெல்லத் தட்டிவந்தால் குற்றவாளி ஆணியில் குட்டி காலை இழுத்துக்கொள்ளும். குளம்பில் துளை விழுந்த குதிரைக்கு இழுப்பு நோய் மிக எளிதில் வரும். அதற்குத் தடுப்பு ஊசி இருக்கிறது.

*

இளங்குதிரையின் வாய் ஒரு தனிக் கதை. பால் பற்கள் விழுவது மனிதக் குழந்தைக்கு ஆறு வயதில் ஆரம்பமாகிறது. அப்போது குழந்தையை யாரும் வேலைக்கு அனுப்புவதில்லை. குதிரைக்கோ 24 பால் பற்களும் இரண்டரை வயதிலிருந்து ஏறக்குறைய நாலரை வயதுக்குள் விழுந்து முளைக்கின்றன. நாம் அதற்குக் கடிவாளம் போட்டுப் பழக்கும் காலமும் சரியாக அதுவே! ஆட்டங்கண்ட பல்லின் அருகே இரும்பு அழுத்தினால் பிராணி எப்படி முன்னே பாயும்? கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சிறிய பல் ஒன்று வீணாய் முளைப்பதுண்டு. கடிவாளத்தை இழுக்கும்போது கன்னத்துச் சதை அதன்மேல் நசுங்குகிறது. மேலும், குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். ஆகையால் மேற்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல் கூர்மையாகி, முன்னது கன்னத்தையும் பின்னது நாக்கையும் அறுக்கும். தின்னும்போது தலையைச் சாய்ப்பதும், பாதி மென்ற புல்லை உருண்டையாய்க் கீழே போடுவதும், சாணத்தில் முழுக் கொள்ளு தென்படுவதும் இதன் அடையாளங்கள். அரம்போட்டுத் தேய்ப்பது வைத்தியருக்குச் சிறிது நேர வேலை.

முதுகின் விஷயம் இன்னும் நுட்பமானது. இரண்டு வயதிலேயே குட்டி பெரிய குதிரையைப்போல் தோன்றும். ஆனால் முதுகெலும்பின் வளர்ச்சி முடிவதற்கு ஐந்து வயதுக்குமேல் ஆகிறது. சேணம் அமரும் இடத்தில் எலும்பு முனைகள் ஒன்றோடொன்று நெருங்கி உராயும் நோய் சில குதிரைகளுக்கு உண்டு. எக்ஸ்ரே படத்தில்தான் அது நன்றாய்த் தெரியும். வண்டிக் குதிரைக்குப் பாரம் ஏற்றும் விதமும் காரணமாகும். 'முன்னாலே தள்ளி உட்காருங்க, சாமி!' என்று ஜட்காக்காரர் சொல்லுவதைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். பாரம் பின்னே சாய்ந்தால் ஏர்க்கால் மேலெழும்பி வயிற்று வார் இறுகும்; முன்னே சாய்ந்தால் முதுகில் அழுத்தும். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பௌதிக சாஸ்திரப் பாடம் அடங்கியிருந்தது.

வயிற்றை யாரும் நினைப்பதில்லை. குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மாத்திரமே ஊறுகிறது. நாளில் பெரும்பகுதியை மேய்ந்து கழிக்கவேண்டிய பிராணிக்கு, இரு வேளை கொள்ளு மட்டும் வைத்து மற்ற நேரம் வெறுங்கொட்டிலில் நிறுத்தினால் இரைப்பையில் புண் உண்டாக இடமாகிறது. வயிற்றுவாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருவதும், முன்னே செல்லத் தயங்குவதும் அந்தப் புண்ணின் அறிகுறிகளாக இருக்கக் கூடும். சுமார் 3 மீட்டர் நீளமுள்ள குழாய்க் கண்ணாடியை உள்ளே செலுத்தி வைத்தியர் அதைக் கண்ணாலேயே காண்கிறார். மருந்தோடு, போதிய புல்லும் அதற்குச் சிகிச்சை.

இவை தவிர, மெலிந்த இளங்குதிரைகளுக்குப் பின்காலின் முழங்காற்சில்லு மாட்டிக்கொண்டு கால் மடங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. 'பிடிவாதம்' என்று நாம் அடிப்பது அந்தச் சமயத்தில் பூட்டிக்கொண்ட கதவை அடிப்பதற்குச் சமானம்.

*

'அப்படியானால் குதிரைக்குக் குறும்பே கிடையாதா?' என்று கேட்கலாம். பயம் உண்டு, பழக்கக் குறைவு உண்டு. மாசிடோனியாவில் எவருக்கும் அடங்காத ப்யூஸெபலஸ் தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று சிறுவன் அலெக்சாந்தர் கண்டுகொண்டு, அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான் என்று புளூடார்க் சொல்லுகிறார். நம் செஞ்சித் தேசிங்குராஜன் கதையும் அடங்காக் குதிரையை அடக்கிய கதைதான். தேசிங்கின் வீரத்தை நாம் பாடுகிறோம், பாட வேண்டியதும்தான். ஆனால் சாமானியனுக்குப் பயன்படுவது அலெக்சாந்தரின் கண். வீரம் சிலருக்கே வாய்க்கும். உற்றுப் பார்ப்பது எல்லோருக்கும் இயலும்.

அந்தக் கண்ணுக்கு இப்போது ஒரு ஜாபிதாவும் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஸூ டைஸன் என்னும் பெண் வைத்தியர், சவாரியின்போது குதிரை நோவைக் காட்டும் 24 நடத்தைகளை வகுத்து 2018-இல் வெளியிட்டார். காதைப் பின்னே மடக்குதல், வாலைச் சுழற்றுதல், வாயைத் திறத்தல், முன்னே செல்லத் தயங்குதல் முதலியவை அவற்றில் சில. எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவை ஒரே குதிரையிடம் காணப்பட்டால், எலும்பிலோ தசையிலோ நோவு இருக்கக் கூடும் என்பது அவர் கண்ட முடிவு. இன்னும் சந்தேகமானால், காலின் ஒரு பகுதியை ஊசியால் மரக்கச் செய்து நடத்திப் பார்ப்பார்கள். நடை சீரானால், நோவு அங்கேதான் என்பது ருசுவாகிவிடும். நோய் தீர்ந்த பிறகும் குட்டி சில நாள் தயங்கும். நோவு போனாலும் நோவின் ஞாபகம் போவதில்லை. ஆகவே முதலிலிருந்து, பொறுமையோடு, பாரமில்லாமல் பழக்க வேண்டும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் செய்த முயற்சியின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடைச் சட்டம், நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன.

*

'குதிரை வைத்திராத நமக்கு இதெல்லாம் எதற்கு?' என்று சில நேயர்கள் நினைக்கலாம். சண்டி என்னும் பெயரைக் குதிரைக்கு மட்டுமா வைக்கிறோம்? பின்வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, ஆசிரியர் குரல் காதில் விழுகிறதா, காலையில் ஏதேனும் சாப்பிட்டானா என்று பார்ப்பதற்கு முன்பே 'மக்கு' என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் ஏழைக் குடியானவர்களைப் பரம்பரைச் சோம்பேறிகள் என்று ஏசிவந்தார்கள். அவர்கள் ரத்தத்தைக் கொக்கிப் புழு உறிஞ்சுகிறது என்று சார்லஸ் ஸ்டைல்ஸ் 1902-இல் எடுத்துக்காட்டினார். மருந்து கொடுத்ததும் பலருக்குச் 'சோம்பேறித்தனம்' தெளிந்துபோயிற்று. அதே புழு சென்னை ராஜதானியிலும் இருந்தது. இந்தியக் குடியானவன் சோம்பேறி என்று எழுதிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள்.

குதிரை பேசாது, குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, ஏழை சொன்னால் எவரும் கேட்பதில்லை. ஆகையால், நகராமல் நிற்கும் எதையும் கண்டால் முதலில் சவுக்கைக் கீழே வைத்துவிட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்ப்போமாக. அங்கே ஓர் ஆணி இருக்கக் கூடும்.